ஊமை எழுத்தைக் காரணத்தோடு சொல்லிக்கொடுப்பது எப்படி?

சென்னையில் டியூஷன் எடுப்பவர்கள் பலரும் ஆங்கில ஊமை எழுத்தை (சொல்லில் எழுதுவோம், ஒலிக்க மாட்டோம்) "மனப்பாடம் பண்ணு" என்று தாண்டிவிடுகிறார்கள். அதற்குப் பதில் நோட்டில் இரண்டு பத்தி (column) போடச் சொல்லுங்கள்: முன்பு ஒலித்த எழுத்துக்கு ஒன்று, ஒலிக்காமலே செருகிய எழுத்துக்கு ஒன்று.

முதல் பத்தியில் 'நைஃப்' (knife), 'நீ' (knee, முழங்கால்). அவற்றின் 'கே' முன்பு ஒலித்தது. 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் லண்டன் அருகே வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது. 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஒலி உதிர்ந்துவிட்டது.

இரண்டாவதில் 'டெட்' (debt, கடன்), 'டவுட்' (doubt). 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தின்மீது படையெடுத்த பின் பிரெஞ்சு வழியே 'பி' இல்லாமல் வந்தவை. லத்தீன் மோகத்தில் பண்டிதர்கள் பிற்பாடு செருகியது அந்த 'பி'. ஆங்கிலத்தில் ஒலித்ததே இல்லை.

பிள்ளைகள் சறுக்குவது 'ஐலண்ட்'டில் (island, தீவு). அது நாட்டு ஆங்கிலச் சொல். 'ஐல்' (isle, இதுவும் தீவு) என்ற பிரெஞ்சு வரவோடு குழப்பி 'எஸ்' ஒட்டிவிட்டார்கள். இதுவும் இரண்டாம் பத்திக்கே.