மோசூல் கெண்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பித்தளைக் கெண்டி இருக்கிறது. 1232-இல் இராக்கின் மோசூல் நகரில் ஷுஜா இப்னு மனா என்பவர் செய்தது. வெள்ளியும் செம்பும் பதித்த அதன் உடம்பெங்கும் வேட்டைக்காரர்கள், இசைக் கலைஞர்கள், முகம் பார்க்கும் கண்ணாடியோடு ஒரு பெண். 'இஸ்லாமியக் கலையில் உருவமே கிடையாது' என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உருவங்களைத் தவிர்த்தது மசூதியிலும் குர்ஆன் பிரதிகளிலும். பணக்கார வீட்டில் தண்ணீர் ஊற்றும் கெண்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அரபு எழுத்தைக் கண்டதும் குர்ஆன் வசனம் என்று முடிவு கட்டுவதும் அதே மாதிரிதான். இவ்வகைப் பாத்திரங்களில் பெரும்பாலும் இருப்பது உடையவருக்கான வாழ்த்து: புகழ், செல்வம், நீண்ட ஆயுள். 1163-இல் இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் செய்த ஒரு வாளி ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் எழுத்துகளே மனித உருவங்களாக எழுந்து நிற்கின்றன!

'அல்-மவ்ஸிலி', அதாவது 'மோசூல்காரர்', என்று கையெழுத்து இருந்தால் மோசூலில் செய்தது என்று அர்த்தமில்லை. அது கைவினைஞரின் பூர்வீகம். ஹுசைன் இப்னு முகம்மது அல்-மவ்ஸிலி வேலை செய்தது டமாஸ்கஸில்.

அப்புறம், மங்கிய பித்தளையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நகர்ந்துவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பித்தளையில் பள்ளம் வெட்டி, ஓரங்களை உட்புறமாகச் சரித்து, வெள்ளித் தகட்டை அதற்குள் தட்டி இறுக்குவார்கள். பின்னணிக்குக் கறுப்புப் பூச்சு. பல பாத்திரங்களில் வெள்ளி உதிர்ந்து வெறும் பள்ளம்தான் மிச்சம். கொஞ்சம் குனிந்து ஓரங்களில் எஞ்சிய வெள்ளித் துணுக்குகளைத் தேடுங்கள். வெள்ளி முழுசாக இருந்தபோது அந்த முகங்கள் எப்படி மின்னியிருக்கும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பெயர்ப் பலகையை வைத்தே வரலாறு சொல்வதும் ஆபத்து. பாரிஸ் லூவர் மியூசியத்தில் 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' இருக்கிறது. புனித லூயி எனப்படும் பிரெஞ்சு மன்னர் இறந்தது 1270-இல். தொட்டியோ எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் காலத்து 14-ஆம் நூற்றாண்டு வேலை. 1606-இல் பதின்மூன்றாம் லூயிக்கு அதில் ஞானஸ்நானம் நடந்தது உண்மை, ஆனால் அது பின்கதை. செய்தவர் முகம்மது இப்னு அல்-ஸைன். ஆறு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். சில, படத்துக்குள் வரும் சிம்மாசனத்திலும் பாத்திரத்திலும் ஒளிந்திருக்கின்றன.