கண்டாங்கி துணியில டூலிப் செய்றது எப்படி, அப்படியே ஸ்ரீநகர் போறதுக்கும் சில விஷயம்

டூலிப் பிடிக்கும்னு சொன்னாலே நம்ம பக்கம் முதல்ல கேக்குறது "வீட்டுல வச்சா வருமா"ன்னுதான். வராதுங்க. டூலிப் கிழங்குக்கு 12 வாரத்துக்கு மேல 9 டிகிரிக்குள்ள குளிர் கிடைச்சாத்தான் ஒழுங்கா பூ எடுக்கும், காரைக்குடி வெயில்ல அதுக்கு எங்க போறது, ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து நட்டாலும் நம்ம சூட்டுக்கு பூ சீக்கிரமே விரிஞ்சு இதழ் கொட்டிடும். அதனால ரெண்டு வழிதான், துணியில செய்ங்க, இல்ல பங்குனியில நேர்ல போய் பாத்துட்டு வாங்க. ரெண்டும் செஞ்சா இன்னும் நல்லது.

துணிக்கு நம்ம காரைக்குடி பக்கம் நெய்யுற பழைய கண்டாங்கி சேலையை விட தோதானது வேற இல்ல. 2019ல புவிசார் குறியீடு வாங்கின சேலை, கடுகு மஞ்சள், அரக்கு சிவப்புன்னு அதோட கலரெல்லாமே டூலிப்லயும் இருக்கு. துவைச்சு துவைச்சு மெத்துன்னு ஆன சேலையா எடுங்க, புதுசுன்னா ஒரு துண்டை தண்ணில போட்டு சாயம் போகுதான்னு பாத்துட்டு கஞ்சி போற வரைக்கும் அலசிடுங்க. பெரிய கட்டம் வேணாம், பூவே சின்னதுங்கறதால கட்டம் பாதியில வெட்டுப்பட்டு அசிங்கமா தெரியும்.

ஒரு பூவுக்கு 6 இன்ச் அகலம், 4 இன்ச் உயரத்துல ஒரு துண்டு வெட்டணும். பார்டர் ஓரம் மேல வர்ற மாதிரி வெட்டுனீங்கன்னா இதழ் நுனியில மட்டும் வேற கலர் ஓடும், நிஜ டூலிப்லயும் அப்படி ஓரம் கட்டுன வகை நிறைய உண்டு. நல்ல பக்கம் உள்ள இருக்க மடிச்சு 4 இன்ச் ஓரத்தை தைச்சா குழாய் மாதிரி வரும். அடி ஓரத்துல சுத்தி நூலோட்டம் போட்டு நூலை அறுக்காம விடுங்க. தண்டுக்கு தென்னை ஈர்க்கு மூணு சேத்து பச்சைத் துணி சுத்துங்க, தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமனா சுத்தணும், இல்லன்னா பூ கழண்டு வந்துடும். இப்ப தண்டை குழாய்க்குள்ள விட்டு, தடிச்ச தலை நூலோட்டம் போட்ட ஓரத்துல நிக்கிற மாதிரி வச்சு நூலை இழுத்து இறுக்கிக் கட்டுங்க. அப்புறம் துணியை காத்துல குடை திரும்புற மாதிரி மேல பொரட்டி விட்டா நல்ல பக்கம் வெளிய வந்துடும், தண்டு கீழ நிக்கும்.

உள்ள இலவம்பஞ்சு. அடியில நல்லா, மேல வரவர கம்மியா, ஏன்னா டூலிப்புக்கு அடிவயிறுதான் பருமன். வாய் ஓரத்தை கால் இன்ச் உள்ள மடிச்சுக்குங்க.

இனிமேதான் முக்கியமான இடம். நிறைய பேர் வாயை நாலா பிரிச்சு எதிரெதிர் பக்கத்தை சேத்து தைப்பாங்க, சுலபம்தான், ஆனா பூ டூலிப்பா தெரியாது. டூலிப்புக்கு வெளிய மூணு, உள்ள மூணு, மொத்தம் ஆறு இதழ், மொட்டா இருக்கும்போது பாத்தா வெளிய இருக்குற மூணுதான் கண்ணுக்குப் படும். அதனால வாயை சமமா மூணு இடத்துல சாக்பீஸ்ல குறிச்சு, மூணு புள்ளியையும் நடுவுல ஒன்னா கூட்டி ரெண்டு மூணு தையல் போடுங்க. மூணு முனையா கூம்பி நிக்கும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

இலைக்கு கிளிப்பச்சை வேண்டவே வேண்டாம், சாம்பல் பூத்த பச்சை எடுங்க. 7 இன்ச் நீளம், ஒன்றரை இன்ச் அகலம், ரெண்டு மடிப்பா தைச்சு கெட்டியா கஞ்சி போட்டு காய வைங்க. அடியில இருந்து தண்டை அணைச்ச மாதிரி ரெண்டு இலை போதும், நடுத்தண்டுல ஒட்டாதீங்க. சின்ன கொட்டான்ல, அதாவது ஓலைக் கூடையில, ஆத்து மணல் போட்டு அஞ்சாறு பூவை உயரம் மாத்தி மாத்தி சொருகி வச்சா முகப்பே மாறிடும்.

நேர்ல பாக்கணும்னா ஹாலந்துல லிஸ்ஸே ஊர் கூகென்ஹாஃப் தோட்டம் இருக்கு, மார்ச் நடுவுல இருந்து மே நடு வரைக்கும், ஆனா செலவு ஜாஸ்தி. நமக்கு ஸ்ரீநகர். தால் ஏரி பக்கத்துல சபர்வான் மலையடிவாரத்துல படிப்படியா இறங்குற டூலிப் தோட்டம், சுமார் 30 ஹெக்டேர். மார்ச் கடைசியில திறந்து ஏப்ரல்லயே மூடிடுவாங்க, குளிரைப் பொறுத்து தேதி வருஷா வருஷம் மாறும், ஏப்ரல் முதல் வாரம் வச்சுக்கிட்டா பெரும்பாலும் ஏமாற மாட்டீங்க. காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி பங்குனி திருவிழாவும் கிட்டத்தட்ட அதே சமயம்தான், ரெண்டையும் பாத்து டிக்கெட் போடுங்க. காரைக்குடியில இருந்து பல்லவன் ட்ரெயின்ல சென்னை, அங்கிருந்து டெல்லி வழியா ஃபிளைட். முழுக்க ட்ரெயின்தான்னா ஜம்மு பக்கம் கட்ரா போய்ட்டு 2025ல விட்ட வந்தே பாரத்ல ஸ்ரீநகர், வழியில செனாப் ஆத்து மேல கட்டுன ரயில் பாலமும் பாத்துடலாம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒன்னு கையில இருக்கட்டும்.

தோட்டத்துக்கு காலையில திறந்ததும் போய்டுங்க. குளிர்ல டூலிப் மூடி இருக்கும், வெயில் ஏற ஏற விரியும், நாம துணியில செய்யுற வடிவம் அந்த மூடுன வடிவம்தான். குத்தவச்சு உக்காந்து பூ மட்டத்துல இருந்து பக்கவாட்டுல போட்டோ எடுங்க, இலை அடியில எப்படி தண்டைச் சுத்துதுன்னு தனியா ஒன்னு எடுங்க, கையில நாலு கலர் கண்டாங்கி துண்டு வச்சுக்கிட்டு பூ பக்கத்துல பிடிச்சுப் பாத்தா எந்தத் துணி எந்தப் பூவுக்குன்னு அங்கேயே முடிவு பண்ணிடலாம்.