நாகர்கோவிலில் குடியேறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் வாடகைக்கோ விலைக்கோ வீடு தேடுவோர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் தேடுகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் இவ்வூரின் எந்தத் தெருவும் நல்ல தெருவாகவே தோன்றும். கேரள எல்லையை ஒட்டிய இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுகிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் மட்டும் எண்ணிக் கவலைப்பட்டுப் பழகியவர்கள்; இங்கே ஆனியையும் ஆடியையும் சேர்த்தே எண்ண வேண்டும். வெயில் காலத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவதுதான் நான் கண்டவரை முதல் தவறு. பின்னால் வரும் துன்பங்களில் பாதிக்கு மேல் அதிலிருந்தே கிளைக்கின்றன.

இரண்டாவது, நிலத்தின் பழைய பெயரை விசாரிக்காமல் விடுவது. இப்பகுதியில் ‘விளை’ என்றால் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நின்ற மேட்டுத் தோட்டம். ‘ஏலா’ என்றால் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த தாழ்ந்த வயல்வெளி. பள்ளிவிளை, வலம்புரிவிளை என்று ஊர்ப் பெயர்களே நிலத்தின் குணத்தைச் சொல்லிவிடுகின்றன. நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களும் குளங்களும் சூழ்ந்த நடுவில் வளர்ந்த நகரம் இது என்பதால், மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடங்களில் ஒரு பகுதி முன்பு வயலாக இருந்தவை. அங்கே யாரோ ஒருவர் ‘நகர்’ என்று முடியும் புதுப் பெயர் வைத்தவுடன் பழைய பெயர் மறைந்துவிடுகிறது. தண்ணீர் தான் போன வழியை மறப்பதில்லை. முன் பத்திரத்தில் நஞ்சையா புஞ்சையா என்று பார்ப்பதும், தெருமுனைத் தேநீர்க் கடையில் இருக்கும் வயதானவரிடம் “அண்ணாச்சி, வீடு வருவதற்கு முன்னால் இது என்ன நிலம்?” என்று கேட்பதும் அரை மணி நேர வேலைதான்.

இந்த அரை மணி நேரத்தை நான் செலவிடவில்லை. நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டில், மதிலின் உள்பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு ஓடியது. புதிதாகப் பூசிய பெயின்ட்டுக்கு அடியிலிருந்து சுண்ணாம்பு பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. பழைய மதில் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். 2021 நவம்பரில், திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்ற அந்தப் பெருமழையின்போது, முற்றத்துத் தண்ணீர் சரியாக அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வீட்டை ஏழு முறை சுற்றிப் பார்த்திருந்தும் அந்த ஒற்றைக் கோட்டைப் படிக்கத் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே வீடு பார்க்கிறவர் அறைகளை எண்ணுவதற்கு முன் கீழே பார்க்க வேண்டும். கதவு நிலையின் அடிப்பகுதி மட்டும் நிறம் மாறியிருக்கிறதா, இரும்புக் கேட்டின் கீழ்க் கீல் மட்டும் துருவேறியிருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் தம் பேஸ்மட்டத்தை மட்டும் தனியாக உயர்த்திக் கட்டியிருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறோமா இறங்கிப் போகிறோமா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய சாலையைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடும்போது தெரு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர, வீடு அதே அளவு தாழ்ந்துபோகிறது.

குடியேறியபின் நாமே செய்யும் தவறும் உண்டு. கார் ஏற்றுவதற்காக வாசலில் ஓடும் கழிவுநீர் ஓடையின் மேல் கான்கிரீட் சரிவு போட்டு, அடைப்பு எடுக்க வழியில்லாமல் மூடிவிடுகிறோம். அதன் விளைவு நம் வீட்டில் தெரியாது. மேட்டுப்பக்கம் இருக்கும் மூன்றாவது வீட்டு முற்றத்தில் தெரியும். தூக்கி எடுக்கக்கூடிய துண்டுப் பலகைகளாகப் போட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

குடிநீரைப் பொறுத்தவரை, குழாய் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, கோடையில் ஊருக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் குறையும்போது இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்று கேட்க வேண்டும். அதையும் வீட்டு உரிமையாளரிடம் கேட்காமல் அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் குடத்தைத் தூக்கியவருக்குத்தான் கிழமை நினைவிருக்கும். கிணறு இருப்பதால் கவலை இல்லை என்று எண்ணுவது இன்னொரு தவறு. இங்கே 3 சென்ட் மனையில் வீடு கட்டுவது சாதாரணம். 3 சென்ட் என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதற்குள் வீடும் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் அமைய வேண்டும் என்றால், நம் தொட்டியை நாம் எவ்வளவு தள்ளி வைத்தாலும் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொட்டி நம் கிணற்றுக்கு அருகிலேயே இருக்கக்கூடும். எனவே மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் குடிப்பதும் கூடாது.

வாங்குகிறவர்கள் தவறவிடுவது வழியுரிமையை. பழைய பகுதிகளில் பல வீடுகளுக்கு ஒரு முடுக்கு, அதாவது குறுகிய சந்து, வழியாகத்தான் போக முடியும். அந்த முடுக்கு மாநகராட்சிக்கு உரியதா, எல்லா வீட்டாருக்கும் பொதுவானதா, அல்லது ஒருவர் தம் நிலத்தின் ஓரத்தில் நடக்க விட்டிருக்கும் பாதையா என்பது பத்திரத்தில்தான் தெரியும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், பழைய ஆவணங்கள் பல மலையாளத்திலும், கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் இருக்கும். கொல்லம் ஆண்டுடன் 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘பழைய தாள்தானே, புதுப் பத்திரம் போதும்’ என்று இவற்றை ஒதுக்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பாதையின் அகலம் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்தத் தாளில்தான். மலையாளம் படிக்கத் தெரிந்த ஆவண எழுத்தரிடம் கொடுத்து வாசித்துக் கேட்டபிறகே கையெழுத்திட வேண்டும். அகலம் தெரிந்தபின் அந்த முடுக்கிலேயே காரை நிறுத்துவதும் தவறுதான். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வர வேண்டிய வீடு உள்ளே இருக்கும்.

வாடகைதாரர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. இங்கே உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்க, அவருடைய மைத்துனரோ சித்தப்பாவோ சாவியைக் கொடுப்பது வழக்கம். அவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது.

திருவிழாச் சத்தத்தை எதிர்கொள்ளும் முறையில் புதிதாக வந்தவர்கள் மிகவும் சறுக்குகிறார்கள். கோயில் கொடை என்னும் ஊர்க்கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் வில்லுப்பாட்டும் ஒலிபெருக்கியும் இருக்கும். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவின்போது தெருக்களில் நடமாட இடம் இருக்காது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதுதான் பொதுவான விதி, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் நடுக்கொடையில் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தவர், அதன்பின் பல ஆண்டுகள் அந்தத் தெருவில் அந்நியராகவே இருக்க நேரிடும். கொடைக்கு வரி (வீட்டுக்கு வீடு பங்குப்பணம்) பிரிக்க வரும்போதே, வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருப்பதைச் சொல்லி, ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு முறை அப்படி நடந்தது.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் விழுந்த மரங்கள் கம்பங்களையும் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அதைக் கண்டவர்கள்கூட மறுபடியும் மதிலை ஒட்டியே தென்னங்கன்றை நடுகிறார்கள். கன்று நடும்போது இரண்டடி இடம் போதும் என்று தோன்றும். இருபது ஆண்டுகளில் அது பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் மேல் சாய்ந்து நின்று, ஒவ்வொரு நெற்று விழும்போதும் இரு வீட்டாருக்கும் இடையே ஒரு பேச்சைக் குறைக்கும். ஏற்கெனவே அப்படி நிற்கும் மரத்துடன் வீட்டை வாங்கியவர், காய் முற்றும்வரை காத்திராமல் ஆள் ஏற்றி வெட்ட வேண்டும். ஏறும் நாளை முந்திய நாளே பக்கத்து வீட்டில் சொல்லி, கூரைக்குக் கீழே நிற்கும் ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். வெட்டி முடித்தபின் நான்கு தேங்காயை மதிலுக்கு மேலே நீட்டினால் அவர்கள் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.