கார்டில் இருந்து கிளிப் இறக்கும்போது விடக்கூடாத பிழைகள்

என்னிடம் கல்யாண வீடியோ வேலை பழக வருகிற தம்பிமாரிடம் முதல் நாள் நான் கேட்பது ஒன்றுதான். "கமராக் கார்டைப் போட்டுக் கிளிப்பைக் கம்பியூட்டரில் இறக்கிக் காட்டு." போன மாதம் கொக்குவிலில் இருந்து வந்த ஒருவர் கார்டைச் செருகினார், போல்டருக்குள் போல்டராகத் திறந்துகொண்டு போனார், பெரிய ஃபைல்களை மட்டும் தெரிந்து டெஸ்க்டொப்பில் போட்டார். "மற்றதெல்லாம் குட்டி ஃபைல் அண்ணை, தேவையில்லை" என்றார். வேலை தொடங்கிய புதிதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கார்டை நனைக்காதே, பாதியில் இழுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

குட்டி ஃபைல்களை விட்டுவிடுவது

2012இல் ஒரு கல்யாண வீடு. மணவறைக்கு நேரே முக்காலியில் ஒரு கமராவை நிறுத்தி, கிரியை தொடங்கியதில் இருந்து முடியும்வரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஒன்றரை மணிநேரம். இரவே வந்து படமும் சத்தமும் உள்ள பெரிய எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் எடுத்துக் கம்பியூட்டரில் போட்டேன். எட்டுத் துண்டு இருந்தன. எடிட்டிங் சொஃப்ட்வெயாரில் கிளிப்புகளை அடுக்குகிற டைம்லைனில் வரிசையாக அடுக்கினேன், படம் ஒழுங்காக ஓடுவதுபோல இருந்தது. அடுத்த நாள் வேறு வேலை இருந்ததால் கார்டை ஃபோர்மட் செய்துவிட்டேன்.

டிவிடி கொடுத்து இரண்டு கிழமைக்குப் பிறகு, அன்று தவில் வாசித்த இணுவில்காரர் என்னைத் தேடி வந்தார். தாலி கட்டுகிற இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். கெட்டிமேளம் உச்சத்தில் போகிறது, ஐயர் கையை உயர்த்துகிறார், அந்த இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்து மறுபடி வருகிறது. அரை விநாடிகூட இராது. "தம்பி, நான் தாளம் விட்ட மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர்க்காரர், ஒரு குடும்பம் காலம் முழுக்க வைத்திருந்து பார்க்கப்போகிற படத்தில் தன் கை பிசகியதுபோல இருக்கிறதே என்று வந்து நின்றார். அவர் கையில் ஒரு பிசகும் இல்லை, பிசகு கிளிப் இறக்கிய என்னுடையது. இன்றைக்கும் ஒருவர் அந்தக் குட்டி ஃபைல்களைத் தட்டிவிடுவதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நடந்தது இதுதான். 32 ஜிபி வரையான கார்டுகள் ஃபாட்32 முறையில் ஃபோர்மட் ஆகின்றன. அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே நீளமாக எடுத்தால் கமரா துண்டு துண்டாகத்தான் எழுதும். அப்போது என்னிடம் இருந்த கமரா 2 ஜிபிக்கு ஒரு துண்டு போடும். விநாடிக்கு 24 மெகாபிட் தரத்தில் அது ஏறக்குறைய 12 நிமிடம். வெட்டு எங்கே விழுகிறது என்று கமரா பார்ப்பதில்லை. ஒரு ஃபிரேமின் விபரம் முன்னால் போன ஃபிரேமில் தங்கியிருக்கும். ஒலிப் பொட்டலத்தின் பாதி இந்த ஃபைலிலும் மீதி அடுத்ததிலும் கிடக்கும். தனியாகத் திறந்தால் அந்த விளிம்பு சிதைந்துதான் வரும்.

அந்தத் துண்டுகள் ஒன்றின் தொடர்ச்சி மற்றது என்ற செய்தி குட்டி ஃபைல்களில்தான் இருக்கிறது. சோனியும் பனசொனிக்கும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்த, என் கமராவும் பாவித்த ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில், எம்டிஎஸ் ஃபைல்கள் "ஸ்ட்ரீம்" என்ற போல்டரில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்று இன்னும் இரண்டு போல்டர். பாரம் கிலோபைட் கணக்கில்தான். பிறீமியர் புரோ என்ற எடிட்டிங் சொஃப்ட்வெயாரில் மீடியா பிரவுசர் வழியாக, போல்டர் அமைப்பு குலையாத கார்டைத் திறந்தால், எட்டுத் துண்டும் ஒரே கிளிப்பாகத் தெரியும். ஒலியும் அறுகாது. ஃபைல்களை மட்டும் இழுத்துப்போட்டால் சொஃப்ட்வெயாருக்கு அவை எட்டு அந்நியர்கள்.

எனவே கார்டில் முதலில் தெரிகிற எல்லாவற்றையும், வெறும் போல்டர் என்றாலும், அப்படியே ஒரு புதுப் போல்டருக்குள் கொப்பி பண்ணுங்கள். உள்ளே எதையும் பெயர் மாற்ற வேண்டாம். புதுச் சோனிக் கமராக்களில் எம்4ரூட் என்ற போல்டர் வரும், அதற்கும் இதே விதிதான்.

எம்டிஎஸ் துண்டுகள் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் ஒரு வழி உண்டு. விண்டோஸின் கொப்பிக் கட்டளையைப் பைனரி முறையில் கொடுத்து வரிசைப்படி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எம்பி4 ஃபைல்களுக்கு இந்த முறை சரிவராது. எனக்கு இது தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் கம்பியூட்டர் இழுக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஏவிஐக்கு மாற்றி, மூலத்தை அழித்துவிட்டிருந்தேன். அந்தக் கெட்டிமேளத்தை இனி யாராலும் மீட்க முடியாது.

மூலத்தை அழித்துவிட்டுக் கன்வேர்ட் செய்ததை வைத்திருப்பது

கம்பியூட்டர் இழுக்காவிட்டால் புரொக்சி, அதாவது எடிட் பண்ணும்போது மட்டும் பாவிக்கிற தரம் குறைந்த கொப்பி, போடுங்கள். மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

இம்போர்ட் ஆனால் கிளிப் உள்ளே வந்துவிட்டது என்று நினைப்பது

"எல்லாம் உள்ள போட்டாச்சு அண்ணை, கார்டை அழிக்கட்டோ?" இந்தக் கேள்வி காதில் விழுந்தால் நான் செய்கிற வேலையை விட்டு எழும்பிவிடுவேன். பிறீமியரோ டாவின்சி ரிசோல்வோ கிளிப்பை விழுங்குவதில்லை. அது எந்த டிரைவில், எந்தப் போல்டரில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்துவைக்கும். கார்டில் இருந்தே இம்போர்ட் செய்தால் விலாசமும் கார்டுதான். கார்டைக் கழற்றிய உடனே மீடியா ஒஃப்லைன் என்று திரை சிவக்கும். ஃபைனல் கட் புரோவில் லைப்ரரிக்குள் கொப்பி செய்வதா, இருந்த இடத்திலேயே விடுவதா என்று நீங்கள் தெரிவுசெய்யலாம். எதைத் தெரிந்தீர்கள் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இரண்டு கமராவின் கிளிப்பை ஒரே போல்டரில் கொட்டுவது

இரண்டு கமராவிலும் முதல் கிளிப்பின் பெயர் சி0001 ஆக இருக்கும். நேற்று ஃபோர்மட் செய்த கார்டிலும் பெரும்பாலும் அதுவே. விண்டோஸ் மாற்றி எழுதவா என்று கேட்கும், அவசரத்தில் ஓம் என்று அழுத்திவிடுவோம். பொம்பிளை அழைப்பு போய் அதே பெயரில் சாப்பாட்டுப் பந்தி வந்து உட்காரும். திகதி, கமரா, கார்ட் இலக்கம் என்று ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் போல்டர்.

கட் பண்ணி ஒட்டுவது

வேண்டாம். கொப்பி மட்டும்.

கனடாக் கமராவை அப்படியே பாவிப்பது

இது எங்கள் ஊருக்கென்றே உள்ள பிழை. மாமா கனடாவில் இருந்து வரும்போது நல்ல கமரா ஒன்று கொண்டுவருவார். அது என்டிஎஸ்சி என்ற வீடியோ முறையில், விநாடிக்கு 29.97 ஃபிரேம் எடுக்கும்படி வந்திருக்கும். இலங்கையில் நாங்கள் பாவிப்பது "பால்" என்ற முறை, 25 ஃபிரேம். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டால், கமராவைத் திருப்புகிற இடங்களில் படம் விக்கி விக்கிப் போகும். இங்கே மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ். விநாடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் மண்டபத்து ரியூப்லைட் வெளிச்சம் அலை அலையாக அடிக்கும். சொஃப்ட்வெயாரில் இரண்டையும் முழுதாகத் திருத்த முடியாது. பல கமராக்களில் பால், என்டிஎஸ்சி மாற்றும் இடம் மெனுவிலேயே உண்டு. மாற்றினால் கார்டை ஃபோர்மட் செய்யச் சொல்லும், ஆகவே முதல் நாள் இரவே வீட்டில் வைத்து மாற்றிவிடுங்கள்.

டைம்லைனின் ஃபிரேம் ரேட்டையும் நீங்களே போடுங்கள். முதலில் இழுத்துப்போட்ட கிளிப்புக்கு ஏற்றபடி சொஃப்ட்வெயார் தானாக அமைக்க விடாதீர்கள்.

போன் கிளிப்பை அப்படியே சேர்ப்பது

போன் ஒரே வேகத்தில் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் ரேட் கூடிக் குறையும். நீளமான கிளிப்பில் வாயும் சத்தமும் மெல்ல மெல்ல விலகிப்போகும். முதலில் ஹான்ட்பிறேக் என்ற சொஃப்ட்வெயாரில் கொன்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு, அதாவது ஒரே வேகத்துக்கு, மாற்றிவிட்டுச் சேருங்கள். சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், வீடியோவாக வந்தால் தரம் போய்விடும்.

சரிபார்க்காமல் கார்டை அழிப்பது

2022இல் 13 மணிநேர மின்வெட்டுக்கூட அறிவித்த காலத்தில், கொப்பி பாதியில் நின்ற இரவுகள் எங்கள் எல்லாருக்கும் உண்டு. போல்டர் இருக்கும், பெயரும் இருக்கும், கடைசிக் கிளிப்புக்குள் ஒன்றும் இராது. கமராவில் இருந்து கார்டை எடுத்ததும், தவறி அழியாதபடி அதன் ஓரத்தில் உள்ள குட்டிப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். இரண்டு ஹாட் டிஸ்கில் கொப்பி எடுங்கள். கார்டிலும் கொப்பியிலும் ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று புறொப்பட்டீஸில் பாருங்கள். கடைசிக் கிளிப்பின் கடைசி நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.

கொக்குவில் தம்பி இப்போது கார்டை இறக்கி முடிந்ததும் இரண்டு விண்டோவையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, பைட் இலக்கங்களைக் கடைசி எண்வரை உரத்து வாசிக்கிறார். நான் மற்றப் பக்கத்தில் இருந்து ஒப்பிட்டுப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் பூட்டைத் திறக்கிறார்.