ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் புத்தகம் தேடுவது போலத் தேடாதீர்கள்

நூலகம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் மூன்றிலும் அலமாரி இருக்கிறது, எண் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தர ஆளும் இருக்கிறார். அதனால் மூன்றிலும் ஒரே மாதிரி தேடலாம் என்று நினைத்துவிடுகிறோம்.

நூலகம் பொருள்வாரியாக அடுக்கும். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட, பொருளுக்கு ஏற்ப எண் கொடுக்கும் தசம முறைப்படி 641.5 என்றால் சமையல், அந்த முறை உள்ள எந்த நூலகத்திலும் அதே எண்தான். இந்தப் பழக்கத்தோடு காப்பகத்துக்குப் போய் "வெள்ளம் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வெள்ளம் வந்தபோது அதைப் பற்றி யார் எழுதி வைத்திருப்பார்கள், நிவாரணம் கொடுத்த அலுவலகமா, உடைந்த பாலத்தைக் கட்டிய துறையா என்று முதலில் யோசியுங்கள். அவர்களுடைய கோப்புக் கட்டுக்குள்தான் வெள்ளம் கிடக்கும். ஓரிடத்திலிருந்து வந்த ஆவணங்களைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1841-இல் சொன்னது, இன்றைக்கும் காப்பகங்கள் அந்த வழியில்தான் போகின்றன.

இதைவிடப் பெரிய தவறு, ஆர்வக்கோளாறில் அடுக்கை மாற்றுவது. பழைய பெட்டி ஒன்று வருகிறது, கடிதங்கள் ஒரு பக்கம், ரசீதுகள் ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்துவிடுகிறோம். "நீங்கள் கேட்டது இத்துடன்" என்று ஒரே வரியில் முடியும் கடிதம், பின்னால் குத்தியிருந்த ரசீதை இழந்ததும் ஊமையாகிவிடும். எது அந்த "இத்துடன்" என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. குழப்பமாகத் தெரிந்தாலும், வைத்திருந்தவர் வைத்த வரிசையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அருங்காட்சியகம்? அங்கே எண்ணைப் பார்த்து இது என்ன வகைப் பொருள் என்று ஊகிக்க வேண்டாம். 1987.14.3 என்று இருந்தால் பல இடங்களில் அதற்கு அர்த்தம் 1987-இல் வந்த 14-ஆவது வரவில் 3-ஆவது பொருள், அவ்வளவுதான். பக்கத்து எண் வாளாகவும் இருக்கலாம், தொட்டிலாகவும் இருக்கலாம். பொருளைக் கைமாற்றிவிட்டால் எண் காலியாகிவிட்டதே என்று வேறொன்றுக்குக் கொடுத்துவிடவும் கூடாது, பழைய பதிவுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இன்னொன்று, புத்தகத்துக்குத் தலைப்புப் பக்கம் உண்டு, பானைக்குக் கிடையாது. பதிவு செய்தவர் வைத்ததுதான் பெயர். "பானை" என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் "கலயம்", "குடம்", "மண்பாண்டம்" என்றும் போட்டுப் பாருங்கள்.