அரசாங்கத்தை அதன் காகிதத்தை வைத்தே கேள்வி கேட்பது எப்படி?

ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பத்தவில்லை, கரண்ட் பில் எகிறிவிட்டது. டீக்கடையில் பேசுகிறோம், வாட்ஸ்அப்பில் பொங்குகிறோம், அதோடு சரி. இந்த மூன்றையும் அதிகாரிகள் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வியாக மாற்ற வழி இருக்கிறது, அதற்கு வக்கீலோ கட்சிக்காரரோ தேவையில்லை. தமிழ்நாட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் முறை இதேதான்.

முதலில் கேள்வியின் உருவத்தை மாற்றுங்கள். "ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நிதி இல்லை, ஆள் இல்லை, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று நூறு சமாதானம் வரும். "இந்த ஆண்டு உங்கள் துறை இந்தத் தாளில் இப்படிச் சொல்லியிருக்கிறது, எங்கள் ஊரில் அது நடந்ததற்கான பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டால் சமாதானம் சொல்ல இடம் குறைந்துபோகும்.

அந்தத் தாள் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் துறை வாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்கும் விவாதம். அப்போது ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை, எரிசக்தித் துறை, இந்த மூன்றின் குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பக்கம் புகைப்படமும் பாராட்டும்தான், அதைத் தள்ளிவிட்டு எண்ணும் ஊர்ப் பெயரும் அரசாணை எண்ணும் வருகிற வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே உள்ள பத்திகளைப் பாருங்கள்: இரண்டு வருடத்துக்கு முந்தைய உண்மையான செலவுக் கணக்கு, போன வருட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, இந்த வருட மதிப்பீடு. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது கடைசி எண். உங்களுக்கு வேண்டியது முதல் எண்தான், ஏனென்றால் அறிவித்ததில் எவ்வளவு செலவானது என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து, விஷயம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பலர் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மருத்துவமனை மாநிலப் பொறுப்பு. கல்வி 1976-க்குப் பிறகு பொதுப்பட்டியலில் இருக்கிறது, மின்சாரமும் பொதுப்பட்டியல்தான். 2025-இல் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவசச் சேர்க்கை உரிய நேரத்தில் தொடங்காதபோது மாநிலம் ஒன்றிய அரசைக் கைகாட்டியது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவிட்டார்கள் என்றது, ஒன்றியம் பி.எம். ஸ்ரீ என்கிற தன் மாதிரிப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்றது. இந்த மாதிரி இழுபறியில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு மனு போடுங்கள்: எந்தத் தேதியில் என்ன கேட்டு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது, கடித நகல் வேண்டும் என்று. யார் பேச்சு உண்மை என்று நாம் பட்டிமன்றம் நடத்த வேண்டாம், தேதிகளே சொல்லிவிடும்.

சரி, மனுவுக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, எல்லாருக்கும் பெயர் தெரியும், எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. நேரில் கொடுத்தால் நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள், தபாலில் அனுப்பினால் ரசீதையும், போய்ச் சேர்ந்த விவரத்தின் அச்சையும் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்கூட 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பியனுப்பக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், என்ன கேட்கிறீர்கள் என்பது. ஏன், எதற்கு, நியாயமா என்று கேட்டால் "கோரப்பட்டது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள், அதில் சட்டமும் அவர்கள் பக்கம்தான். கருத்துச் சொல்லவோ இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஏற்கெனவே அவர்கள் அலமாரியில் இருக்கும் காகிதத்தையே கேளுங்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இப்படி எழுதலாம்:

"(அ) மேற்படி நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் 31.12.2025 அன்று நிரப்பப்பட்டிருந்தவை எத்தனை, பதவி வாரியாக.

(ஆ) மெட்ஃபார்மின் (சுகர்), ஆம்லோடிபின் (பி.பி.) மாத்திரைகளுக்கான இருப்புப் பதிவேட்டில் 2025 ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பக்கங்களின் சான்றிட்ட நகல்.

(இ) அதே காலத்தில் மாவட்ட மருந்துக் கிடங்குக்கு அனுப்பப்பட்ட தேவைப் பட்டியல்களின் நகலும், வரப்பெற்ற அளவின் நகலும்.

(ஈ) மேற்கண்ட பதிவேடுகளை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

(ஈ)-யை விட்டுவிடாதீர்கள். பார்வையிடும் உரிமை சட்டத்தின் 2(ஜே) பிரிவிலேயே இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து வைக்கவேண்டும் என்று வந்ததும் பல இடங்களில் மாத்திரையே வந்துவிடும். (ஆ), (இ) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று புரியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியதிலிருந்து பாஸ்புக் முறை இருக்கிறது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கி, கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நிலையம் கேட்கவே இல்லையா, கேட்டும் கிடங்கில் இல்லையா, வந்தும் நோயாளி கைக்கு வரவில்லையா? மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு வேறு ஆள். இது தெரியாமல் கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளுநர் பெண்ணைத் திட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

மருத்துவர் பெயர், விடுப்புக்குக் காரணம் என்றெல்லாம் கேட்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிய பிறகு "தனிப்பட்ட தகவல்" என்று சொல்லி மறுப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. பணியிட எண்ணிக்கை யாருடைய தனிப்பட்ட தகவலும் அல்ல.

வீடு தேடி வந்து சுகர், பி.பி. மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் இன்னொரு சூட்சுமம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து இதில் மொத்தப் பயனாளி எண்ணிக்கையைத்தான் மேடையில் சொல்வார்கள். நீங்கள் உங்கள் துணை சுகாதார நிலைய அளவில், முதல்முறை சேவை எத்தனை பேருக்கு, தொடர் சேவை மாதாமாதம் எத்தனை பேருக்கு என்று பிரித்துக் கேளுங்கள். பி.பி. மாத்திரையை ஒரு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் அது வைத்தியம் ஆகாது, ஆனால் கணக்கில் ஒரு பயனாளி ஏறிவிடுவார்.

பள்ளிக்கூட விஷயத்தில் புகார் எழுதுவதற்கு முன் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியரா என்று நமக்குக் கோபம் வரும், ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. உங்கள் பள்ளியில் 58 பேர் என்றால் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் மனு நிற்காது, அது சட்டத்தையே மாற்றக் கேட்கும் விஷயம், எம்.எல்.ஏ., எம்.பி. பக்கம் போகவேண்டும். 64 பேர் என்றால் நிற்கும், அழுத்திக் கேளுங்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டுவதால்தான் பல மனுக்கள் குப்பைக்குப் போகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் (அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் அந்தப் பள்ளியின் அடையாள எண்) உண்டு. அதைப் போட்டுத் தேடினால் பிள்ளைகள், ஆசிரியர், கழிப்பறை, குடிநீர் என்று பள்ளி தரப்பிலிருந்தே கொடுத்த விவரம் இணையத்தில் வரும். கழிப்பறை பயன்பாட்டில் உள்ளது என்று அதில் இருந்து, நேரில் போனால் பூட்டு தொங்கினால், புகைப்படத்தோடு அந்தப் பக்கத்தின் அச்சையும் இணைத்துவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதே அந்தக் குழுவின் வேலை, இதெல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தில் 21, 22-ஆம் பிரிவுகளில் உள்ளது. தீர்மானப் பதிவேட்டில் "ஆசிரியர் தேவை" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். "64 மாணவர், பணியில் 2 ஆசிரியர், அட்டவணைப்படி 3 வேண்டும், இந்தத் தேதிக்குள் நியமிக்கக் கோருகிறோம்" என்று எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிற பழக்கம் எங்கேயாவது இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

இப்போது கரண்ட். இங்கே கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (2024-இல் இன்னும் கூடியது, ஆனால் அமைப்பு அதேதான்). இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை போனால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய்; மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2.25 என்கிற படியே காணாமல் போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாம் 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 501-ஆவது யூனிட் 8 ரூபாய், மொத்தம் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! தினம் 8 யூனிட் ஓடும் வீட்டில் 60-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். கணக்கெடுப்பவர் 66-ஆம் நாள் வந்தால் 528 யூனிட், 2,174 ரூபாய். ஆகவே பில் எகிறியதும் முதலில் பார்க்கவேண்டியது முந்தைய ரீடிங் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் எத்தனை நாள் என்பதைத்தான். நாள் கூடியிருந்தால் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-இல் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே மின்குறைதீர்ப்பாளர். இரண்டும் மின்சாரச் சட்டம் 2003-இன் 42-ஆம் பிரிவில் வந்தவை.

மாதம் ஒருமுறை ரீடிங் வேண்டும் என்ற கோரிக்கை பழையது, 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதியாகவும் கொடுத்தது. கேளுங்கள், ஆனால் எந்தக் கட்டணப் படிகளோடு என்றும் சேர்த்துக் கேளுங்கள். 500 என்ற வரம்பை இரண்டாக வகுத்து மாதம் 250 என்று வைத்தால், மே மாதம் 300-ம் ஜூன் மாதம் 180-ம் ஓடுகிற வீட்டுக்கு இப்போதைய முறைதான் லாபம். இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டண மாற்ற மனு வரும்போது அதை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கவேண்டும் என்பது சட்டம். 2022-இல் கோவை, மதுரை, சென்னையில் பொதுக் கருத்துக்கேட்பு நடத்தினார்கள். ஒரு பக்கத்தில், உங்கள் வீட்டுப் பில்லையே உதாரணமாக வைத்து எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் மைக் பிடித்து அழுதாலும் கத்தினாலும் ஆணையில் ஏறாது, எழுத்தில் வந்த ஆட்சேபத்தை ஆணையில் பதிந்து பதில் எழுதுவார்கள். அப்புறம், சலுகையை அரசு அறிவித்தால் அதற்கான பணத்தை முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குக் கட்டவேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொல்கிறது. 100 யூனிட் இலவசத்துக்கு இந்த ஆண்டு தரவேண்டியது எவ்வளவு, தந்தது எவ்வளவு, எந்தத் தேதியில்? இந்த ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை.

தகவல் மனுவுக்கு 30 நாள் தாண்டியும் பதில் வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் கிடைக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் போடுங்கள், நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும் என்பதால் விசாரணை அழைப்பு வந்ததுமே பல தகவல்கள் தானாக வந்துசேரும். கெடு தாண்டி வந்த தகவலுக்கு நகல் கட்டணம் கேட்கக் கூடாது. உள்ளூர்ப் பகை வரக்கூடிய விஷயமென்றால் தனியாகப் போடாதீர்கள், நாலைந்து பேர் ஒரே கேள்வியைத் தனித்தனியாகப் போடுங்கள்.

பதிவேடு கைக்கு வந்த பிறகு அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆறு நாள். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் சபை நின்றுவிடவில்லை. தீர்மானம் எழுதியதும் படிக்கச் சொல்லுங்கள், போனில் படம் எடுங்கள். அந்தத் தீர்மானம், தகவல் சட்டத்தில் வந்த பதில், கொள்கைக் குறிப்பின் அந்தப் பக்கம், மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் ஒன்று, தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, உள்ளூர் நிருபருக்கு ஒன்று. அமைச்சர் சபையில் "செய்யப்படும்" என்று சொன்ன விஷயமாக இருந்தால் சட்டமன்றத்தின் அரசு உறுதிமொழிக் குழுவுக்கும் ஒரு நகல். எம்.எல்.ஏ.வுக்குக் கொடுப்பதைப் பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கொடுத்தால் வீண்; ஜனவரியிலேயே, இரண்டே வரியில் கேள்வியாக எழுதி, அடியில் அரசாணை எண்ணையும் போட்டுக் கொடுங்கள். ஆளும் கட்சிக்காரர் வாங்கி வைத்துக்கொண்டால் எதிர்க்கட்சிக்காரருக்கும் அதே தாளில் ஒரு ஜெராக்ஸ்.