வாளி விளிம்பின் வெள்ளைப் படிவிலிருந்து ஒரு கிரீஸ்

போர் தண்ணீரில் குளித்தால் வாளியின் உள்விளிம்பில் வழவழவென்று வெள்ளைப் படிவு ஒட்டுகிறதல்லவா? அதில் பெரும்பகுதி கால்சியம் சோப்பு. குளியல் சோப்பின் சோடியத்தைத் தள்ளிவிட்டு, கடின நீரின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதையே எண்ணெயில் குழைத்தால் கிரீஸ்.

முதலில் 10 கிராம் குளியல் சோப்பைத் துருவி, 200 மில்லி சூடான மழைநீரில் கரையுங்கள். டிடர்ஜென்ட் கட்டி உதவாது, அது திரியாது. தனியாக 3 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்து, கிளறியபடியே ஊற்றுங்கள். பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பி ஒதுங்கும். குலுக்கினால் நுரை வந்தால் இன்னும் சிறிது ஊற்ற வேண்டும்.

துணியில் வடித்து, இரண்டு முறை அலசிப் பிழியுங்கள்.

அடுத்தது பொறுமை கேட்கும் வேலை. 40 கிராம் தையல் இயந்திர எண்ணெயை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். நேரடித் தீ ஆகவே ஆகாது. திப்பியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு மசியுங்கள். இறக்கி ஆறும்போது சில சொட்டு நீர் விட்டுக் கிளறுங்கள். எண்ணெயில் நீரா என்று தயங்க வேண்டாம்: பழைய வகைக் கால்சியம் கிரீஸின் கட்டுக்கோப்பு அந்தச் சிறிதளவு நீரில்தான் நிற்கிறது. எனக்கு முதல்முறை கட்டி கட்டியாகத்தான் வந்தது. கல்வத்தில் அரைத்த பிறகே வழிக்கு வந்தது. ஆலைகளிலும் கடைசியில் அரைக்கத்தான் செய்கிறார்கள்.

விரலில் எடுத்துத் தண்ணீருக்குள் தேய்த்துப் பாருங்கள், கரையாது. நீர் படும் பம்புகளுக்குக் கால்சியம் கிரீஸ் ஏற்றதாக இருப்பது இதனால்தான். ஆனால் சூடு ஆகாது. சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் நீர் வெளியேறி, சோப்பு வேறு எண்ணெய் வேறாகப் பிரிந்துவிடும். சூடேறும் மோட்டார் ஒன்றில் இதைத் திணித்துவிட்டு, மறுநாள் தரையில் எண்ணெய் துடைத்தவன் நான். சோடியம் சோப்பில் செய்த கிரீஸ் நேர்மாறு: சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துபோகும்.

இரண்டையும் தாங்குவது லித்தியம் சோப்பில் செய்த கிரீஸ். கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வகை இது. இன்றைய லித்தியம் கிரீஸ் ஏறத்தாழ 190 டிகிரியில்தான் உருகிச் சொட்டும். அதன் சோப்புக்கான கொழுப்பு அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட அதே விளக்கெண்ணெய்தான், ஹைட்ரஜன் ஏற்றப்பட்டு பேரிங்குக்குள் திரும்பியிருக்கிறது.

நீங்கள் செய்ததைக் கதவுக் கீலுக்குப் போடலாம், பேரிங்குக்கு வேண்டாம். கடை கிரீஸை மாற்றும்போதும் பழையதை முழுவதும் வழித்துத் துடைத்த பிறகே புதியதை நிரப்புங்கள். ஒத்துப்போகாத இரண்டு சோப்புகள் கலந்தால் இரண்டுமே இளகி ஒழுகிவிடும்.